தாத்தா போட்ட பத்து வெள்ளி: கூட்டுறவுச் சங்கத்தில் உங்கள் வாக்குக்கு என்ன பலம்?

ஏப்ரல், மே மாதம் வந்தால் பல வீடுகளுக்கு ஒரு தடித்த உறை வரும். உள்ளே மலாய் மொழியில் ஒரு நோட்டீஸ், கூடவே ஆண்டறிக்கைப் புத்தகம். உறை மேல் தாத்தா பெயரோ பாட்டி பெயரோ இருக்கும். “கொப்பராசி கூட்டமாம்” என்று யாராவது சொல்வார்கள். உறை ஃபிரிட்ஜ் மேலே போய்ச் சேரும்.

கூட்டத்தன்று போகிறவர்கள் போவார்கள். வருகைப்படி, சாப்பாடு, அதிர்ஷ்டக் குலுக்கு, கையில் ஒரு பை. திரும்பி வந்ததும் “என்ன பேசினாங்க?” என்று கேட்டால், “என்னா பேசுவாங்க, அதே பேச்சுதான்” என்பதோடு கதை முடிந்துவிடும்.

ஆனால் சட்டத்தைப் புரட்டினால் கதை வேறு மாதிரி இருக்கிறது. 1993-ஆம் ஆண்டு கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின்படி, ஒரு கூட்டுறவின் உச்ச அதிகாரம் அதன் தலைவரிடமோ வாரியத்திடமோ இல்லை. உறுப்பினர்களின் பொதுக்கூட்டத்திடம் இருக்கிறது. அதாவது, ஃபிரிட்ஜ் மேலே கிடக்கும் அந்த உறைதான் முதலாளிக்கு வந்த கடிதம்.

முதலாளி அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. அதுதான் இங்கே பிரச்சினை.

பத்து வெள்ளியில் வாங்கிய தோட்டம்

மலேசியத் தமிழர்களுக்குக் கூட்டுறவு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். அது பிறந்த காரணத்தைத் தெரிந்துகொண்டால், உறுப்பினர் வாக்கு என்பது ஏன் சடங்கு இல்லை என்பது புரியும்.

1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தங்கள் ரப்பர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பத் தொடங்கின. வாங்கியவர்கள் பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக்கிச் சிறு முதலாளிகளுக்கு விற்றார்கள். இதற்குத் தோட்டத் துண்டாடல் என்று பெயர். துண்டு நிலத்தை வாங்கியவருக்கு லயத்தில் குடியிருக்கும் பழைய தொழிலாளர்கள் தேவைப்படவில்லை. வேலை போனால் வீடும் போகும், தோட்டத்துப் பள்ளியும் கோயிலும் கேள்விக்குறியாகும். நிலைமை எவ்வளவு மோசமாக இருந்ததென்றால், அரசாங்கமே இதைப் பற்றி ஓர் ஆய்வு நடத்த வேண்டியிருந்தது. 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பொருளியல் அறிஞர் உங்கு அஸிஸ் ஆராய்ந்தார்.

அப்போது ம.இ.கா. தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த வீ.தி. சம்பந்தன் சொன்ன வழி எளிமையானது. விற்கிற தோட்டத்தை நாமே வாங்கினால் என்ன? பால் மரம் வெட்டுகிறவர்களிடம் அவ்வளவு பணம் ஏது? மாதம் பத்து வெள்ளி தவணை. அதற்காக அவர் தோட்டம் தோட்டமாகச் சுற்றினார். 1960-இல் சங்கம் தொடங்கியது. 1961-இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அதுதான் முதல் தோட்டம்.

அந்தக் காலத்துப் பத்து வெள்ளி சின்னக் காசு இல்லை. குடும்பச் செலவிலிருந்து பிடித்துக் கட்டியது. கட்டியவர்களில் பலர் கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை வைத்த தலைமுறை. ஆனாலும் அந்தக் காசோடு அவர்களுக்கு வேறொன்றும் கிடைத்தது. அதுவரை தோட்டத்தில் எதற்குமே கருத்துக் கேட்கப்படாதவர்களுக்கு ஒரு வாக்கு கிடைத்தது.

ஒரே பெட்டியில் இரண்டு தாள்

பல குடும்பங்களில் பழைய தகரப் பெட்டியைத் திறந்தால் இரண்டு வகைத் தாள் இருக்கும். ஒன்று கூட்டுறவின் பங்குப் பத்திரம் அல்லது கணக்குப் புத்தகம். இன்னொன்று மைக்கா ஹோல்டிங்ஸ் பங்குப் பத்திரம். “ரெண்டும் ஒன்னுதானே, நம்மாளுங்க நடத்துனது” என்று சொல்வார்கள். இல்லை. சட்டப்படி இரண்டும் வெவ்வேறு பிராணிகள்.

மைக்கா 1982-இல் பதிவான ஒரு கம்பெனி. ஏறத்தாழ 66,000 இந்தியர்களிடமிருந்து 10 கோடி வெள்ளிக்கு மேல் திரட்டியது. கம்பெனியில் வாக்கெடுப்பு என்று வந்தால் பங்குக்கு ஒரு வாக்கு. ஆயிரம் பங்கு வைத்திருப்பவருக்கு ஆயிரம் வாக்கு, பத்து லட்சம் வைத்திருப்பவருக்குப் பத்து லட்சம். உங்களுக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்பி வாக்களிக்கவும் வைக்கலாம்.

கூட்டுறவில் ஆளுக்கு ஒரு வாக்கு. நூறு வெள்ளிப் பங்குக்காரருக்கும் ஒன்று, ஐம்பதாயிரம் வெள்ளிக்காரருக்கும் ஒன்று. பெரிய பங்குக்காரருக்குப் பங்காதாயம் கூடுதலாகக் கிடைக்கும், வாக்கு கூடாது.

இன்னொரு வேறுபாடு இருக்கிறது. இதைத்தான் இளையவர்கள் அதிகம் கவனிப்பதில்லை. கம்பெனிப் பங்கின் விலை ஏறும், இறங்கும். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனி என்றால், நிர்வாகம் பிடிக்காதபோது அங்கே விற்றுவிட்டுப் போகலாம். கூட்டுறவுப் பங்கு அப்படிச் சந்தையில் விற்கிற சரக்கு இல்லை. விலகும்போது பொதுவாகப் பங்கின் முகமதிப்புதான் திரும்பக் கிடைக்கும். ஒரு வெள்ளிப் பங்கு ஒரு வெள்ளிதான்.

இதை நிலத்தோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். ஒரு கூட்டுறவு அறுபது வருஷத்துக்கு முன்னால் ஏக்கர் கணக்கில் நிலம் வாங்கியது என்று வைத்துக்கொள்வோம். இன்று அதன் பக்கத்தில் நெடுஞ்சாலையும் வீடமைப்புத் திட்டமும் வந்துவிட்டன. நிலத்தின் மதிப்பு எங்கேயோ போய்விட்டது. உங்கள் தாத்தாவின் பங்கு மட்டும் அதே தாளில் அதே எண்ணாக இருக்கிறது. அந்த நிலத்தை விற்பதா, வைத்திருப்பதா, வீடு கட்டுவதா, வருகிற பணத்தைப் பங்காதாயமாகக் கொடுப்பதா, படிப்பு உதவிக்கு ஒதுக்குவதா என்பதையெல்லாம் உறுப்பினர் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரே கருவி அந்த ஒரு வாக்குதான். விற்றுவிட்டு வெளியேறும் வழி இங்கே கிட்டத்தட்ட இல்லை. பேசித்தான் ஆக வேண்டும்.

பொதுக்கூட்டத்தில் உண்மையில் என்ன முடிவாகிறது?

நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்த வேண்டும் என்கிறது சட்டம். டிசம்பரில் கணக்கை முடிக்கும் சங்கங்கள் ஜூனுக்குள் கூட்டம் போட வேண்டும். அதனால்தான் அந்த உறைகள் எல்லாம் ஒரே பருவத்தில் வருகின்றன.

அங்கே கணக்கறிக்கை ஏற்கப்படுகிறது, அல்லது கேள்வி கேட்கப்படுகிறது. லாபத்தை எப்படிப் பிரிப்பது என்று முடிவாகிறது. இயக்குநர் வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கிறார்கள். வாரியத்தில் ஆறு பேருக்குக் குறையக்கூடாது, பதினைந்து பேருக்கு மேல் இருக்கக்கூடாது. வாரிய உறுப்பினர்களுக்கு எவ்வளவு மதிப்பூதியம் என்பதற்கும் பொதுக்கூட்டத்தின் ஒப்புதல் வேண்டும். துணைவிதிகளைத் திருத்துவதும் அங்கேதான். துணைவிதி என்பது அந்தச் சங்கத்தின் சொந்த அரசியலமைப்புச் சட்டம். மலாயில் ‘உண்டாங்-உண்டாங் கெச்சில்’ என்பார்கள்.

இதோடு, உள் தணிக்கைக் குழு என்று ஒன்று உண்டு. வாரியத்தில் இல்லாத உறுப்பினர்களைக் கொண்டது. வாரியம் எடுக்கும் முடிவுகளும் செலவுகளும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று வருஷம் முழுக்கப் பார்ப்பது அதன் வேலை. வாரியத் தேர்தலுக்கு இருக்கும் பரபரப்பு இந்தக் குழுவுக்கு இருக்காது. ஆனால் கணக்கியல் படித்த ஓர் இளம் உறுப்பினர் உள்ளே நுழைவதற்கு இதைவிட நல்ல கதவு இல்லை என்பது என் கருத்து. போஸ்டர், மாலை எதுவும் வேண்டாம். ரசீதுகளைப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

அன்றாட வியாபார முடிவுகள் வாரியத்துடையவை. எந்தக் கடைக்கு எவ்வளவு வாடகை, எந்த ஊழியரை வேலைக்கு எடுப்பது என்பதற்கெல்லாம் உறுப்பினர் கை தூக்கி முடிவெடுக்க முடியாது.

புத்தகத்தை எங்கிருந்து படிப்பது?

ஆண்டறிக்கையை முதல் பக்கத்திலிருந்து படித்தால் தலைவர் உரையிலேயே தூங்கிவிடுவீர்கள். படங்களும் அப்படித்தான். நேராகக் கணக்காய்வாளர் அறிக்கைக்குப் போங்கள்.

அங்கே ‘பெனார் டான் சக்சாமா’ என்ற சொற்கள் வருகின்றனவா என்று தேடுங்கள். கணக்கு உண்மையாகவும் நியாயமாகவும் இருக்கிறது என்று கணக்காய்வாளர் சொல்கிறார் என்று பொருள். அதோடு முடிந்தால் நல்லது. ‘கெச்சுவாலி’, அதாவது ‘தவிர’ என்று ஒரு சொல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால், அதற்குப் பின்னால் வரும் வாக்கியத்தை மூன்று முறை படியுங்கள். மொத்தப் புத்தகத்திலும் அதுதான் முக்கியமான வாக்கியம்.

அடுத்தது, லாபம் எங்கிருந்து வந்தது என்பது. “இந்த வருஷம் லாபம் கூடியிருக்கு” என்று மேடையில் சொல்வார்கள். நிலத்தின் மதிப்பை மறுபடி கணக்கிட்டு, அது கூடியதால் வந்த லாபமா? அப்படியென்றால் அது தாளில் இருக்கும் லாபம், கையில் இல்லை. செம்பனை விற்றதாலா, வாடகையாலா, அல்லது ஒரு துண்டு நிலத்தை விற்றதாலா? நிலம் விற்று வந்த லாபத்தில் பங்காதாயம் கொடுத்தால், அடுத்த வருஷமும் கொடுக்க இன்னொரு துண்டு விற்க வேண்டியிருக்கும். வீட்டு நகையை விற்றுத் தீபாவளிக்குத் துணி எடுப்பது மாதிரி.

பிறகு ‘பெங்ஹுத்தாங்’ வரிசை. சங்கத்துக்கு மற்றவர்கள் தர வேண்டிய கடன். போன வருஷ எண்ணும் இந்த வருஷ எண்ணும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும். அது மளமளவென்று ஏறியிருந்தால், யார் தரவில்லை, எத்தனை மாதமாகத் தரவில்லை என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மதிப்பூதியம், கூட்டப்படி, பயணச் செலவு வரிசைகளையும் அப்படியே பாருங்கள். செலவு இருப்பது தவறில்லை. சங்கத்தின் வருமானம் குறையும்போது அந்த வரிசை மட்டும் ஏறுகிறதா என்பதுதான் கேள்வி.

யாருமே படிக்காத பக்கம் ஒன்று உண்டு. போன வருஷக் கூட்டக் குறிப்பு. அதில் உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளும், “வாரியம் பரிசீலிக்கும்” என்ற பதில்களும் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு, ‘பெர்காரா பெர்பாங்கிட்’ என்ற தலைப்பு வரும்போது, அதாவது போன கூட்டத்திலிருந்து எழும் விஷயங்கள் பேசப்படும்போது எழுந்து, “போன வருஷம் பரிசீலிப்பதாகச் சொன்னீர்கள், என்ன ஆச்சு?” என்று கேட்டுப் பாருங்கள். மண்டபம் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும்.

எப்படிக் கேட்பது, எப்போது கேட்பது?

“ஏன் இவ்வளவு நஷ்டம்? எங்க போச்சு எங்க பணம்?” என்று கேட்டால் பதிலாக ஒரு பேச்சு கிடைக்கும். பொருளாதார மந்தம், கோவிட், செம்பனை விலை என்று எல்லாம் வரும். “இருபத்தோராம் பக்கம், பராமரிப்புச் செலவு போன வருஷத்தைவிட இரண்டு மடங்கு. எந்தக் கட்டடத்துக்கு, யாருக்குக் குத்தகை?” என்று கேட்டால் பதில் கிடைத்தாக வேண்டும். பதில் இல்லையென்றால், “என் கேள்வியைக் கூட்டக் குறிப்பில் பதிவு செய்யுங்கள்” என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். அடுத்த வருஷம் அது அச்சில் வரும்.

பெரும்பாலோர் செய்கிற தவறு நேரத்தில்தான். மனக்குறையை எல்லாம் கடைசித் தலைப்புக்குச் சேர்த்து வைப்பார்கள். ‘ஹால்-ஹால் லாயின்’, இதர விஷயங்கள். அது வருவதற்குள் பாதிக் கூட்டம் சாப்பாட்டு வரிசையில் நிற்கும். அங்கே பேசுவது பெரும்பாலும் பேச்சாகவே போய்விடும். ஒரு முடிவு எடுக்க வேண்டும் என்றால் அதை முன்கூட்டியே தீர்மானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். எந்தத் தேதிக்குள், எத்தனை பேர் ஆதரவோடு என்பது நோட்டீஸிலோ துணைவிதியிலோ இருக்கும். நோட்டீஸை ஃபிரிட்ஜ் மேலே வைக்கிற அந்த வாரத்தில்தான் பெரும்பாலும் அந்தத் தேதி கடந்து போகிறது.

ஆண்டுக் கூட்டம் வரை காத்திருக்க முடியாத விஷயம் என்றால், துணைவிதி சொல்கிற எண்ணிக்கையில் உறுப்பினர்கள் கையெழுத்திட்டுச் சிறப்புப் பொதுக்கூட்டம் கேட்க முடியும். அந்த எண்ணிக்கையைச் சேர்ப்பது லேசான வேலை இல்லை. கேட்டுப் பாருங்கள், யார் யார் உறுப்பினர் என்பதே நமக்குத் தெரியாமல் இருப்பது அப்போதுதான் தெரியவரும்.

பெரிய சங்கத்தில் நான் எப்படி நுழைவது?

நாடு முழுக்க உறுப்பினர் இருக்கும் சங்கத்தில் எல்லாரையும் ஒரே மண்டபத்தில் உட்கார வைக்க முடியாது. அதனால் பேராளர் முறை. முதலில் வட்டார அளவில் அல்லது கிளை அளவில் கூட்டம் நடக்கும். அங்கே உறுப்பினர்கள் தங்கள் பேராளர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்தப் பேராளர்கள்தான் தேசியக் கூட்டத்தில் வாக்களிப்பார்கள்.

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். தேசியப் பேராளர் மாநாடு பத்திரிகையில் வரும், தொலைக்காட்சியில் வரும், அமைச்சர் வருவார். அன்று போய் வாசலில் நின்று “நானும் உறுப்பினர்தான்” என்றால் வாக்குச் சீட்டு கிடைக்காது. உங்கள் வாக்கு ஏற்கெனவே ஏதோ ஒரு ஊர் மண்டபத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், முடிந்துபோயிருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வட்டாரத்தில் 600 உறுப்பினர்கள் என்று வைத்துக்கொள்வோம். வட்டாரக் கூட்டத்துக்கு 40 பேர் வருகிறார்கள். 21 பேர் ஒத்துப்போனால் அந்த வட்டாரத்தின் பேராளர்கள் யார் என்பது முடிந்தது. மீதி 560 பேரின் பெயரையும் சேர்த்துத்தான் அவர்கள் பேசுவார்கள். வாரியத்தில் வருஷக் கணக்காக அதே முகங்கள் இருக்கின்றன என்று குறை சொல்கிறோம். சில இடங்களில் அதற்குக் காரணம் சூழ்ச்சி. பல இடங்களில் காரணம் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலைதான். அதே கணக்கைத் திருப்பிப் போட்டால், நண்பர்களும் சொந்தக்காரர்களுமாக இருபது பேர் சேர்ந்து வந்தாலே ஒரு வட்டாரத்தின் குரல் மாறும்.

தேவையான அளவு ஆள் வராவிட்டால் என்ன? கூட்டம் தள்ளிவைக்கப்படும். ஆனால் இரண்டாவது முறையும் அதே நிலை என்றால், வந்தவர்களை வைத்தே நடத்தலாம் என்று பல துணைவிதிகள் சொல்கின்றன. ஆக, வராமல் இருப்பது எதிர்ப்பு ஆகாது.

யாரும் பார்க்காவிட்டால் என்ன ஆகும்?

1986-இல் நடந்தது. உறுப்பினர்களிடம் வைப்புத்தொகை வாங்கி நடத்திய கூட்டுறவுகளில் முதலில் ஒன்று தடுமாறியது. பயத்தில் மக்கள் மற்ற இடங்களிலும் பணம் எடுக்க ஓடினார்கள். அரசாங்கம் 24 கூட்டுறவுகளை முடக்க வேண்டியதாயிற்று. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் சுமார் 150 கோடி வெள்ளி உள்ளே மாட்டிக்கொண்டது. பெரும்பாலோர் சிறு வியாபாரிகள், சம்பளக்காரர்கள், இல்லத்தரசிகள்.

பின்னர் வந்த வெள்ளை அறிக்கையில் தெரிந்த கதை பழகிய கதைதான். இயக்குநர்கள் தொடர்புடைய நிறுவனங்களுக்கே கடன், பங்குச் சந்தையிலும் நிலத்திலும் சூதாட்டம் மாதிரியான முதலீடு. எத்தனையோ லட்சம் உறுப்பினர்கள், ஆளுக்கு ஒரு வாக்கு. ஆனால் அவர்கள் தங்களை வாடிக்கையாளர்கள் என்றுதான் நினைத்தார்கள். வட்டி நல்லா வருதா, போதும். தாங்கள்தான் அந்தச் சங்கத்தின் சொந்தக்காரர்கள் என்பது பணம் முடங்கிய பிறகுதான் பலருக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு சட்டம் இறுகியது. இன்று மலேசியக் கூட்டுறவு ஆணையம், அதாவது எஸ்.கே.எம்., எல்லாச் சங்கங்களையும் கண்காணிக்கிறது. 2008 ஜனவரி 1 முதல் அது இயங்குகிறது. வாரிய உறுப்பினர்கள் கட்டாயப் பயிற்சிகளுக்குப் போக வேண்டும். திவாலானவர்கள் வாரியத்தில் இருக்க முடியாது. உறுப்பினருக்கும் சங்கத்துக்கும் தகராறு என்றால் கூட்டுறவுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கூட்டமே நடத்தவில்லை, கணக்குக் காட்டவில்லை என்றால் எஸ்.கே.எம்.மிடம் புகார் கொடுக்கலாம். ஆனால் தேதி, கடிதம், பதில் எல்லாவற்றின் நகலோடும் போங்கள். “எல்லாரும் சொல்றாங்க” என்பதை வைத்து எந்த அதிகாரியும் விசாரணை தொடங்க முடியாது. வாரியத்தின் ஒரு முடிவு உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதும் புகார் ஆகாது. அதற்கு மருந்து அடுத்த தேர்தல்.

கோயில், இளைஞர் மன்றம், தமிழ் மன்றம் போன்றவை வேறு சட்டங்களில் வருகின்றன. பெரும்பாலானவை 1966-ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்தின் கீழ், சங்கப் பதிவிலாகாவின் பார்வையில் இருப்பவை. ஆண்டறிக்கை, தேர்தல், கூட்டக் குறிப்பு என்ற எலும்புக்கூடு அங்கேயும் ஏறக்குறைய இதேதான்.

பதினெட்டு வயதில் தொடங்குவது

இதெல்லாம் பெரியவர்கள் விஷயம் என்று தோன்றினால், இடைநிலைப்பள்ளி நாட்களை நினைத்துப் பாருங்கள். பள்ளிக் கொப்பராசியில் சில வெள்ளி பங்குப் பணம் கட்டி, பேனாவும் மைலோ பாக்கெட்டும் வாங்கியிருப்பீர்கள். அது சும்மா கடை இல்லை. அதே சட்டத்தின் கீழ் பதிவான கூட்டுறவுதான். அதில் மாணவர்களும் வாரியத்தில் இருப்பார்கள், ஆண்டுக் கூட்டமும் நடக்கும். பள்ளிக்கு வெளியே உள்ள சங்கங்களில் உறுப்பினராகப் பொதுவாக 18 வயது ஆகியிருக்க வேண்டும். சேர்வதற்கான மற்றத் தகுதிகள் அந்தந்தச் சங்கத்தின் துணைவிதியில் இருக்கும்.

தாத்தாவின் பங்கு விஷயத்துக்கு வருவோம். “தாத்தா இறந்துட்டாரு, அவரோட கொப்பராசி இப்ப நம்மளோடதுதானே?” என்று நினைக்கிற குடும்பங்கள் நிறைய. பணம் வேறு, வாக்கு வேறு. உறுப்பினர் இறந்ததும் அவரது உறுப்பியம் முடிந்துவிடுகிறது. பங்குப் பணம் அவர் நியமித்தவருக்கு, மலாயில் ‘பெனாமா’ என்பவருக்கு, கிடைக்கும். வாக்கு வாரிசுக்குத் தானாக வராது. அதற்கு நீங்களே விண்ணப்பித்து, உங்கள் பெயரில் உறுப்பினராக வேண்டும். அறுபதுகளில் சேர்ந்த தலைமுறை குறையக் குறைய, இப்படி எத்தனையோ வாக்குகள் சத்தமில்லாமல் மறைந்துகொண்டிருக்கின்றன.

தாத்தாவோ பாட்டியோ இன்னும் இருக்கிறார்களா? அப்படியென்றால் இந்த வாரம் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. அவர்களையும் அடையாள அட்டையையும் கூட்டிக்கொண்டு சங்க அலுவலகத்துக்குப் போங்கள். பெயர் சரியா என்று பாருங்கள். பழைய பதிவுகளில் பாதிப் பெயர் மலாயில் வேறு எழுத்தில் இருக்கும். பெனாமாவாக யார் பெயர் இருக்கிறது என்று கேளுங்கள். முப்பது வருஷத்துக்கு முன்பே இறந்துபோன அண்ணன் பெயர் இன்னும் அங்கே இருக்கலாம். துணைவிதியின் பிரதி ஒன்று கேட்டு வாங்குங்கள். அப்படியே உங்களுக்கும் ஒரு விண்ணப்பப் படிவம்.

முகவரியையும் மறக்காமல் பாருங்கள். சிலருடைய நோட்டீஸ் இன்னமும் தோட்டத்து முகவரிக்கே போய்க்கொண்டிருக்கிறது. அந்தத் தோட்டமும் இல்லை, லயமும் இல்லை. அந்த இடத்தில் இப்போது ஒரு டோல் சாவடி நிற்கலாம்.